அழ வைப்பதுதான் நடிப்புப் பயிற்சியா? (பதின்ம வயதுப் பிள்ளைகள், கேமரா, குறும்படம்)

2025 ஜனவரி 12, இரவு 9:40 (வாசகர் கேள்வி, பட்டர்வொர்த், மலேசியா)

மகளுக்கு 15 வயது, படிவம் 4க்குப் போகப் போகிறாள். சனிக்கிழமைகளில் நடிப்பு வகுப்புக்கு அனுப்புகிறேன். போன மாதம் முழுக்க அழுவதற்குத்தான் பயிற்சி. இறந்துபோன தாத்தாவை நினைத்துக்கொள் என்று சொன்னார்களாம். அழுதுவிட்டாள், எல்லாரும் கை தட்டினார்களாம். வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நடிப்பு என்றால் இப்படித்தானா? குறும்படம் எடுப்பதெல்லாம் நடிப்பு நன்றாக வந்த பிறகுதான் என்றும் சொல்கிறார்கள். அது சரியா?

2025 ஜனவரி 12, இரவு 11:15

அக்கா, இரண்டு கேள்விக்கும் என் பதில் "இல்லை"தான். தாத்தா விஷயம் அவசரம், அதை முதலில் பேசிவிடுவோம். ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். "என் மகளுக்கு இந்தப் பயிற்சி வேண்டாம், வேறு கொடுங்கள்" என்றால் போதும்.

சொந்தத் துக்கத்தைத் தோண்டி அழுகிற இந்த முறை சும்மா வந்ததில்லை. ரஷ்யாவின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி ஆரம்பத்தில் உணர்ச்சி நினைவைப் பற்றி நிறையப் பேசினார். அமெரிக்காவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் அதைப் பிடித்துக்கொண்டு பெரிய பாடமாகவே ஆக்கினார். அவரோடு ஒரே நாடகக் குழுவில் இருந்த ஸ்டெல்லா ஆட்லர் 1934இல் பாரிஸுக்குப் போய் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியிடமே நேரில் பாடம் கேட்டார். திரும்பி வந்து, பெரியவர் இப்போது அழுத்திச் சொல்வது பாத்திரத்தின் சூழ்நிலையையும் கற்பனையையும் செய்கையையும்தான் என்று சொல்ல, குழுவுக்குள் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. வளர்ந்த நடிகர்களே ஒத்துப்போகாத ஒரு முறையை, சனிக்கிழமை வகுப்பில், பிறகு பிள்ளையைக் கவனிக்க ஆள் யாரும் இல்லாமல், 15 வயதுக்காரியிடம் போட்டுப் பார்ப்பது எனக்கு ஏற்கவே முடியாத காரியம்.

கோலாலம்பூரில் பல வருடம் சீரியல்களுக்கு ஒலிப்பதிவு பார்த்தவன் நான். கண்ணீர் வேண்டுமென்றால் கிளிசரின் இருக்கிறது, எத்தனையோ பேர் போட்டுக்கொண்டு அழுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எந்தப் பாட்டிலிலும் கிடைக்காதது எதிரில் நிற்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. ஹெட்போனில் எனக்கு அது கேட்டுவிடும். அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறவர் மூச்சு ஒரு மாதிரி, நிஜமாகக் கேட்டுவிட்டுப் பேசுகிறவர் மூச்சு வேறு மாதிரி.

குறும்படம் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

2025 ஜனவரி 13, இரவு 10:05

நடிப்பு முதலில், படம் எடுப்பது பிறகு என்று பிரிப்பதை நான் ஏற்பதில்லை. இப்போது பினாங்குத் தீவில் ஒரு சிறிய மண்டபத்தில் வார இறுதி வகுப்பு எடுக்கிறேன். முதல் நாளே எல்லார் கையிலும் ஹேண்ட்போன் இருக்கும். ஒருவர் நடிக்க, ஒருவர் எடுக்க, ஒருவர் மைக் பிடிக்க, அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். குளோசப்பில் புருவம் கொஞ்சம் அசைந்தாலே எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று நான் ஒரு மணி நேரம் விளக்கினாலும் ஏறாது. தன் நண்பனின் முகத்தைத் தானே குளோசப்பில் எடுத்த பையனுக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஊர்ப் பெருமையாக ஒன்று. 1929இல் இதே பினாங்கில் பிறந்த பி. ரம்லி பாடினார், நடித்தார், இசையமைத்தார், 1955இலிருந்து படமும் இயக்கினார். தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால், கலைஞர் தொலைக்காட்சியின் நாளைய இயக்குநர் நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் என்று வந்தார்கள். விஜய் சேதுபதி பெரிய திரையில் கதாநாயகனாகுமுன் கார்த்திக் சுப்புராஜின் குறும்படங்களில் நடித்தார். எடுக்கிறவனும் நடிக்கிறவனும் அங்கே சேர்ந்துதான் வளர்ந்தார்கள்.

2025 ஜனவரி 14, காலை 7:20

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். மற்றொருவர் கேட்டது: "சென்னையில் பெரிய பட்டறைகளிலேயே அழ வைக்கத்தானே செய்கிறார்கள்?" எல்லா இடத்திலும் இல்லை. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். தெருக்கூத்திலிருந்து எடுத்துக்கொண்ட உடலும் குரலும்தான் அங்கே அடிப்படை. பசுபதி அங்கிருந்து வந்தவர். அந்த மனிதர் சும்மா நடந்து வந்தாலே ஒரு ஆள் வந்த மாதிரி இருக்கும்.

2025 ஜனவரி 19, மாலை 6:30

"அப்படியென்றால் என்ன பயிற்சிதான் கொடுப்பது?" என்று அக்கா கேட்டிருந்தார். நேற்று வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன்.

ஒரு பிள்ளையின் அம்மா வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவர். அவளிடம் ஒரு டப்பா முறுக்கு, பிளாஸ்டிக் பைகள், ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தேன். பத்துப் பத்தாகப் போட்டு, பை வாயை மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்ட வேண்டும். வீட்டில் தினமும் செய்கிற வேலை, கை தானாகப் போகும். எதிரில் அண்ணனாக ஒரு பையன் உட்கார்ந்து, அப்பா இந்தத் தீபாவளிக்கும் சிங்கப்பூரிலிருந்து வரவில்லை என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வசனமே கிடையாது. சோகமாக இரு என்றும் சொல்லவில்லை. "கடைக்காரர் வருவதற்குள் எல்லாப் பையையும் முடிக்க வேண்டும்" என்பது மட்டும்தான் நான் கொடுத்தது.

முதல் டேக்கில் செய்தியைக் கேட்டதும் நிறுத்திவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டாள். சீரியல் பார்த்து வந்த பழக்கம். "கடைக்காரர் வந்துகொண்டிருக்கிறார், பையை விடாதே" என்றேன். அடுத்த டேக்கில் விடவில்லை. அண்ணன் சொல்லச் சொல்ல ஒட்டிக்கொண்டே இருந்தாள், ஒரு பையில் மட்டும் சுடரிலிருந்து எடுக்க மறந்து, பிளாஸ்டிக் சுருங்கிக் கருகி வாடை வந்தது. சட்டென்று அதைக் கீழே வைத்துவிட்டு, அதிலிருந்த முறுக்குகளை எண்ணி வேறு பைக்கு மாற்றினாள். ஒன்பதுதான் இருந்தது, ஒன்று உடைந்துவிட்டது. டப்பாவிலிருந்து இன்னொன்று எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான். கேமரா பிடித்த பையன் கட் சொல்லவே இல்லை.

சொந்த அப்பாவை அவள் நினைக்க வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் உடைந்த முறுக்கை எல்லாரும் பிய்த்துத் தின்றார்கள், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். என் கணக்கில் நல்ல பயிற்சி என்றால், முடிந்ததும் பிள்ளை இப்படிப் போக வேண்டும்.

2025 ஜனவரி 19, இரவு 8:10

மேலே சொல்ல விட்டது: மெழுகுவர்த்தி வைத்தால் பக்கத்தில் ஈரத்துணியும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி 26, பிற்பகல் 3:00

குலேஷோவ் பயிற்சியை ஒருவர் கேட்டிருந்தார். ரஷ்யாவில் லெவ் குலேஷோவ் சுமார் நூறு வருடத்துக்கு முன் செய்து பார்த்தது. ஒரு நடிகரின் ஒரே முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப்புக் கிண்ணத்தோடும், ஒரு தடவை சவப்பெட்டியோடும், ஒரு தடவை ஒரு பெண்ணோடும் சேர்த்து வெட்டினார். முகம் மாறவில்லை, ஆனால் பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று வேறுவேறாகப் படித்தார்கள்.

என் வகுப்பில் சூப்பு கிடையாது. ஒருவன் சும்மா பார்க்கிற முகத்தை ஐந்து நொடி எடுப்போம். அப்புறம் தே ஐஸ் ஒரு கிளாஸ், பூட்டிய கடை, எஸ்.பி.எம். (படிவம் 5 அரசுத் தேர்வு) முடிவுத் தாள், மூன்றையும் தனித்தனியாக எடுத்து கேப்கட் என்ற எடிட்டிங் செயலியில் அந்த முகத்தோடு ஒட்டச் சொல்வேன். எடுத்தவர்களே ஒட்டிப் பார்க்க வேண்டும், அது முக்கியம். மூன்றாவதைப் பார்த்துவிட்டு அந்தப் பையனே, "சார், நான் எதுவுமே செய்யலையே, எப்படி பயந்த மாதிரி இருக்கு?" என்று கேட்டான். அன்றிலிருந்து முகத்தைக் கோணலாக்குவதை அவன் விட்டுவிட்டான். எடிட்டிங் தெரிந்த நடிகன் எல்லாச் சுமையையும் தன் முகத்தில் ஏற்றிக்கொள்ள மாட்டான்.

2025 பிப்ரவரி 2, இரவு 9:50

இதை எழுதிய பிறகு ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "எதுவும் செய்யாதே" என்பதும் ஒரு பொறிதான். பேச்சுப்போட்டியிலும் பள்ளி மேடையிலும் கையை வீசிக் கடைசி வரிசைவரை குரல் எட்டப் பேசிப் பழகிய பிள்ளைகளிடம் "குறைத்துக்கொள், குறைத்துக்கொள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கடைசியில் மரக்கட்டையாக நிற்பார்கள். அவர்களுடைய குரலும் துணிச்சலும் சொத்து, அதை ஏன் அழிக்க வேண்டும்? இப்போது நான் தூரத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். கேமரா தோளுக்குப் பக்கத்தில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசு, தெரு முனையில் இருந்தால் தெரு முனைக்குக் கேட்கப் பேசு. அதே பிள்ளை, அதே வசனம், தானாகவே அளவு வந்துவிடுகிறது.

கண்ணைப் பற்றியும். மைக்கேல் கெயின் 1987இல் பிபிசிக்காக எடுத்த நடிப்பு வகுப்பில் சொன்ன சின்னச் சின்னச் சங்கதிகள் பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கின்றன. எதிரில் இருப்பவரின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்க்காமல் ஒரே கண்ணைப் பார், குளோசப்பில் தேவையில்லாமல் இமைக்காதே. எந்தக் கண் என்றால், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற கண். முகம் லென்ஸ் பக்கம் திறந்து நிற்கும்.

2025 பிப்ரவரி 9, காலை 8:15

நாளைக்கு ரதம், நாளை மறுநாள் தைப்பூசம். வகுப்பில் பாதிப் பேர் அங்கே படம் எடுக்க வேண்டும் என்று நிற்கிறார்கள். போகட்டும். ஆனால் மூன்று சொன்னேன். வசனக் காட்சி கிடையாது, உறுமி மேளத்துக்கும் பந்தல் பாட்டுக்கும் நடுவில் எந்த மைக்கும் தாங்காது. காவடி எடுப்பவர்களை உங்கள் கதைக்குப் பின்னணிப் படம் ஆக்காதீர்கள், அவர்கள் நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள், முகத்தருகே போனைக் கொண்டுபோகக் கூடாது. செருப்பு போடாமல் நடக்க வேண்டிய பிள்ளையைத் தேங்காய்ச் சில்லு கிடக்கிற தெருவில் திரும்பத் திரும்ப நடக்க வைத்து டேக் எடுக்காதீர்கள்.

2025 பிப்ரவரி 12, இரவு 10:30

எடுத்து வந்ததில் ஒரு ஷாட்டுக்காக இதை எழுதுகிறேன். ரதம் வருமுன் ரோட்டோரத்தில் மலை மாதிரிக் குவித்திருந்த தேங்காய்கள், அதற்குப் பின்னால் நம் வகுப்புப் பெண் தன் தம்பியைத் தேடுகிறாள். நடிக்கத் தேவையே இல்லை, ஏனென்றால் தம்பியாக நடிக்கிறவனை நிஜமாகவே கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளச் சொல்லியிருந்தாள் இயக்குநர் (அவளுக்கும் வயது 15). தேங்காய் உடைபட ஆரம்பித்ததும் தெறித்த தண்ணீரைக் கையால் தடுத்துக்கொண்டே தேடுகிறாள். அம்மா அப்பா மூன்றடி தள்ளிக் கூடவே நின்றார்கள், அது இல்லாமல் நான் சம்மதித்திருக்க மாட்டேன். இயக்குநருக்கு யாரும் இந்த உத்தியைக் கற்றுக் கொடுக்கவில்லை. போன மாதம் வரை அவளும் நடிக்கிற பக்கம் மட்டும்தான் இருந்தாள். நடிக்கும்போது தனக்கு எது உதவியதோ அதையே இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறாள். நடிப்பையும் படமெடுப்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடு என்று நான் கத்துவது இதற்குத்தான்.

2025 பிப்ரவரி 16, மாலை 5:40

தொழில்நுட்பம் கேட்டவர்களுக்கு, ஒரே மூச்சில்.

வீட்டுக்குள் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது என்றால் விளக்குதான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், குழல் விளக்கும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு நூறு தடவை மங்கி ஒளிரும். போன் வழக்கமாக நொடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்குகிற நேரம்) இந்தத் துடிப்போடு ஒத்துப்போகாது. 25 ஃபிரேமுக்கும், ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடிக்கும் மாற்றுங்கள். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் இரண்டையும் பூட்டிவைக்கலாம்.

ஒலி என் தொழில், அதனால் கொஞ்சம் நீளும். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் மன்னித்துவிடுவார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். இன்னொரு போனை ஒலிப்பதிவுக்கென்றே வைத்து, நடிகரின் சட்டைப் பையிலோ மேசை மேல் துணிக்குப் பின்னாலோ மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் கேமராவுக்குத் தெரிய ஒரு கைதட்டல், எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் சேர்க்க அதுதான் பிடி. விசிறியை நிறுத்துங்கள். ஐஸ்பெட்டியையும் (ஃபிரிட்ஜ்) நிறுத்துங்கள், நிறுத்தும்போது மோட்டார் சைக்கிள் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள், வீட்டுக்குக் கிளம்பும்போது சாவியைத் தேடி வந்து மறுபடி போட்டுவிடுவீர்கள். இது படக்குழுக்களில் பழைய பழக்கம், இதனால் எத்தனையோ வீட்டு மீன் கெடாமல் தப்பித்திருக்கிறது. காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல் அரை நிமிடம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள், வெட்டுகிற இடங்களில் அடியில் போட உதவும்.

பின்னணி இசைக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம். காப்புரிமைப் பிரச்சினை ஒரு பக்கம், பாட்டு போட்டதும் உங்கள் நடிகரை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம். முதல் படத்தை இசையே இல்லாமல் எடுங்கள்.

2025 பிப்ரவரி 23, இரவு 9:00

திரைக்கதைகள் வர ஆரம்பித்துவிட்டன. நம் பிள்ளைகள் எழுதுகிற வசனம் எல்லாம் சென்னை ரவுடிப் படம் மாதிரி இருக்கிறது. பினாங்கின் ஆயர் ஈத்தாம் பிளாட்டில் வளர்ந்தவன் வடசென்னைக்காரன் மாதிரிப் பேசினால் வாய் ஒரு பக்கம் உடல் ஒரு பக்கம் போகிறது. தமிழும் மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்து வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே எழுதச் சொன்னேன். வசனம் சுருங்கியது, நடிப்பு சரியானது.

சஞ்சய் குமார் பெருமாளின் ஜகாட் படத்தை இதற்காகத்தான் போட்டுக் காட்டுகிறேன். 2015இல் வந்த, நம் நாட்டில் எடுத்த தமிழ்ப் படம், 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அதில் வருகிற பையன் நம் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரிதான் பேசுகிறான். படத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தி, "நம்மள மாதிரி பேசினாலும் சினிமாவா சார்?" என்றாள். ஆமாம் தங்கச்சி, சினிமாதான்.

2025 மார்ச் 2, பிற்பகல் 1:10

நோன்பு தொடங்கிவிட்டது. வகுப்புப் பிள்ளைகளின் மலாய் நண்பர்கள் இருவர் ஒரு படத்தில் நடிக்கிறார்கள். அவர்களுடைய காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், வெயிலில் ஓடுகிற காட்சியைப் பெருநாளுக்கு அப்புறம் வையுங்கள். அவர்கள் எதிரில் தாப்பாவ் (சாப்பாட்டுப் பொட்டலம்) பிரிக்காதீர்கள். அட்டவணை போடுவதும் நடிகரைக் கவனித்துக்கொள்வதில் ஒரு பகுதிதான்.

இதே இடத்தில் அனுமதி பற்றியும். 2001 சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் சிறார். நடிக்கிற ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், படம் எங்கே போடப்படும் என்பதையும் அதில் எழுதுங்கள். நான் இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன்: எடுத்ததைப் பார்த்த பிறகு பிள்ளை "இந்த ஷாட் வேண்டாம்" என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். அக்காவின் மகள் அழுத அந்த வீடியோவை வகுப்பு எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

2025 மார்ச் 5, இரவு 11:20

அக்கா பதில் போட்டிருக்கிறார்: வீடியோ போட்டிருந்தார்கள், கேட்டதும் எடுத்துவிட்டார்கள், அந்தப் பயிற்சியையும் அவளுக்கு நிறுத்திவிட்டார்கள். ரொம்ப நிம்மதி. கேட்டதும் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கூச்சமுள்ள பிள்ளைகளைப் பற்றி ஒருவர் கேட்டார். முதல் நாளே எல்லாரும் எல்லாமும் என்று ஜனவரியில் எழுதினேன், அதில் ஒரு திருத்தம்: ரொம்பக் கூச்சப்படுகிறவர் வேண்டிய வாரங்கள் கேமராவுக்குப் பின்னாலேயே இருக்கட்டும். மைக் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் தடுமாறுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பவர், ஒரு நாள் தானாக "நான் செய்யட்டுமா?" என்பார். அதுவரை தள்ளக் கூடாது.

அப்படிப்பட்டவர்களுக்கு இன்னொரு வழி, பேட்டி. பிரான்ஸில் த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படத்தில், 1959இல் வந்தது, 14 வயது ழான் பியேர் லியோவை ஒரு மனநல ஆலோசகர் கேள்வி கேட்கிற காட்சியை எழுதிவைக்காமல் எடுத்தார். கேள்வி காதில் விழும், கேட்பவர் முகம் தெரியாது, பையன் பாத்திரமாகவே சொந்தமாகப் பதில் சொல்கிறான். வகுப்பிலும் இதைச் செய்கிறேன். கேள்விகள் எல்லாம் பாத்திரத்தைப் பற்றி மட்டும்தான்: "உன் அண்ணன் எந்நேரம் வீட்டுக்கு வருவான்? நீ எந்தப் படுக்கையில் தூங்குவாய்?" பிள்ளையின் சொந்தக் குடும்பத்துப் பக்கம் கேள்வி சாய்ந்தால் உடனே நிறுத்திவிடுவேன்.

2025 மார்ச் 9, மாலை 6:00

அக்கா மகளின் திரைக்கதை வந்தது, அவள் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். ஒரு பெண் தாத்தாவின் பழைய ரேடியோவைப் பழுது பார்க்க எடுத்துக்கொண்டு பெர்ரியில் தீவுக்கு வருகிறாள். தாத்தாவைப் பற்றித் தானே விரும்பி எழுதியிருக்கிறாள், அதையும் அழாமல் எழுதியிருக்கிறாள். யாரோ தோண்டி எடுப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

தங்கச்சி, இது உனக்கு. ஆறு பக்கத்தில் முதல் இரண்டையும் எடுத்துவிடு, பெர்ரியில் ஏறுகிற இடத்தில் தொடங்கு. பழைய பெரிய பெர்ரி இப்போது இல்லை, 2023இல் வந்த புதியதில் இயந்திரச் சத்தம் எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் போய் பதிவு செய்து கேட்டுப் பார், அப்புறம் வசனம் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய். பயணிகள் நடுவில் எடுக்க முன்கூட்டியே அனுமதி கேள். கடைக்காரர் காட்சியில் "எங்க தாத்தா ரொம்பப் பாசமானவர்" என்று அவள் சொல்வதை வெட்டு. அதற்குப் பதில் அவர் ரேடியோவைத் திறக்கும்போது திருகாணிகளை அவள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், ஒன்று கூடத் தவறக் கூடாது என்பதுதான் அவள் வேலை. நீயே நடிப்பதாக இருந்தால் அன்று கேமராவை வேறொருவரிடம் முழுசாகக் கொடுத்துவிடு, டேக் முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்க்காதே. எடிட்டிங்கில் முதலில் எல்லா ஷாட்டையும் வரிசையாக ஒட்டி ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட்டு அப்புறம் கத்திரியை எடு. மூன்று நிமிடத்துக்குள் வந்ததும் எனக்கு அனுப்பு, ஒலியை நான் சரி பார்த்துத் தருகிறேன்.